மூன்றாவது சிலிண்டர்

தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் காயலான் கடைக்குள் அந்தச் செவ்வாய்க்கிழமை நுழைந்தபோது செல்வதுரை யோக்கியமான மனிதர்தான். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

போன காரியம், ஒரு இன்ஜின் பார்ப்பது. அவர் மகள் ஜெபிஷா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு கார் செய்துகொண்டிருந்தாள். துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன்களைப் பராமரிக்கிற வேலை அவளுக்கு. வேலை முடிந்து வந்து, சதுர இரும்புக் குழாய்களை வெட்டி, தானே வெல்டிங் வைத்து, இரண்டு வருஷத்தில் ஒரு கூட்டை நிறுத்திவிட்டாள். கூரை கிடையாது, கதவு கிடையாது. இரண்டு சீட்டு, நாலு சக்கரம். உட்கார்ந்தால் தரைக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு சாண். மொத்தமும் நானூறு கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அவள் பிடிவாதம். அதனால் கார் இன்ஜின் வேண்டாம், பைக் இன்ஜின்தான். இதை ரோட்டில் ஓட்ட எந்த ஆர்.டி.ஓ.வும் விடமாட்டார். கோயம்புத்தூரில் ரேஸ் டிராக் இருக்கிறது. ஜனவரியில் அங்கே ஓட்டுவதற்குப் பெயரும் கொடுத்தாயிற்று.

அண்ணாச்சியிடம் இரண்டு இன்ஜின்கள் இருந்தன. ஒன்று நானூறு சி.சி., ஒற்றை சிலிண்டர், சாதுவானது. இன்னொன்று ஜப்பான் பைக்கில் இருந்து கழற்றியது. அறுநூறு சி.சி., நாலு சிலிண்டர், நூறு குதிரைசக்திக்கு மேல்.

"ஒத்தை சிலிண்டரும் கெடக்கு, நாலு சிலிண்டரும் கெடக்கு. ஒம்ம மக நாலைத்தான் சுத்திச் சுத்தி வாரா. நீரு பாத்துச் சொல்லும்வே" என்றார் அண்ணாச்சி.

செல்வதுரை பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. நாசரேத்தில் பிறந்து தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் முப்பது வருஷமாகப் படகு இன்ஜின் பார்க்கிறவர். அவர் நல்லது என்ற இன்ஜின் கடலுக்குப் போகும். கெட்டது என்றது காயலான் கடைக்குப் போகும். இந்தப் பெருமை அவருக்கு உள்ளூர உண்டு. அப்படியெல்லாம் இல்லை என்று அவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

அவரிடம் உள்ளூர ஒரு பயமும் உண்டு. இளவயதில் ஏழு வருஷம் சங்கு குளிக்கிற படகில் கம்ப்ரசர் ஆளாக இருந்தார். கடலுக்கு அடியில் ஒருத்தன் வாயில் டியூபைக் கடித்தபடி சங்கு பொறுக்குவான். மேலே படகில் இன்ஜின் ஓடினால்தான் அவனுக்கு மூச்சு. ஒருநாள் பெல்ட் அறுந்து கம்ப்ரசர் நின்றது. கயிற்றை இழுத்து ஆளை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். மூக்கில் ரத்தத்தோடு வந்தவன் மூன்றாம் நாளே மறுபடி குளிக்கப் போய்விட்டான். செல்வதுரைதான் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து எந்த இன்ஜினைத் தொட்டாலும் அதன் மறுமுனையில் ஒரு ஆள் இருப்பதாகவே அவருக்குத் தோன்றும்.

இந்த இன்ஜினின் மறுமுனையில் இருந்தவள் ஜெபிஷா.

ஒற்றை சிலிண்டரைப் பார்த்து முடித்தார்கள். குறையில்லை. அடுத்தது நாலு சிலிண்டர். ஜெபிஷா நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்து, வழக்கம்போலப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். கம்ப்ரஷன் பார்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிளக் இருந்த ஓட்டையில் கேஜை முறுக்கி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை ஓட்ட வேண்டும். இன்ஜின் காற்றை இழுத்து எவ்வளவு அழுத்துகிறது என்று ஊசி காட்டும். த்ராட்டில் மூடியிருந்தால் காற்று சரியாக உள்ளே போகாது. நல்ல இன்ஜினும் நோஞ்சான் மாதிரிக் காட்டும். இது தெரியாத மெக்கானிக் ஊரில் கிடையாது.

பேட்டரி ஒயர்களோடு ஜெபிஷா இன்ஜினுக்கு அந்தப் பக்கம் குத்தவைத்தாள். இந்தப் பக்கம் செல்வதுரை, ஒரு கை த்ராட்டிலில், கண் கேஜில்.

முதல் சிலிண்டர் நூற்றி எழுபது. இரண்டாவது நூற்றி எழுபத்திரண்டு.

"எப்பிடிப்பா? புதுசு மாதிரில்லா இருக்கு!" அந்தப் பக்கமிருந்து அவள் குரல் சிறுபிள்ளை மாதிரித் துள்ளியது.

செல்வதுரை கணக்குப் போட்டார். நானூறு கிலோ. நூறு குதிரைசக்தி. ஒரு சாண் உயரம். இந்த இன்ஜின் நன்றாக இருக்கிறது என்பதை விடக் கெட்ட செய்தி அன்றைக்கு அவருக்கு இல்லை. மூன்றாவது சிலிண்டருக்கு ஸ்டார்ட்டர் ஓடியபோது த்ராட்டிலில் இருந்த அவர் கை தளர்ந்து, த்ராட்டில் மூடிக்கொண்டது.

"தொண்ணூத்தஞ்சு" என்றார்.

"தொண்ணூத்தஞ்சா? இன்னொரு தரம் பாருங்கப்பா."

முதல் தடவை கை தானாகச் செய்தது என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவை அவர்தான் செய்தார்.

"தொண்ணூத்தஞ்சேதான்."

நாலாவது மறுபடி நூற்றி எழுபது. அதற்குள் காரியம் முடிந்திருந்தது. ஜெபிஷா எழுந்து கையைத் துடைத்தாள். "வால்வா இருக்குமாப்பா, ரிங்கா இருக்குமா?"

"பிரிச்சாத்தான் தெரியும். பிரிச்சுட்டு சாமானுக்கு எங்க போக?"

"நீரே சொல்லிட்டீருன்னா சரிதான்வே. சனிக்கிழமை ஆளு வருவான். பிரிச்சு அலுமினியத்தைத் தனியாப் போட்டுருதேன்" என்றார் அண்ணாச்சி.

இது செல்வதுரை எதிர்பார்க்காதது. நல்ல இன்ஜின், அவர் வாயால், சம்மட்டிக்குப் போகிறது. ஒற்றை சிலிண்டரை லோடு வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு ஜெபிஷா ஸ்கூட்டரை எடுத்தாள். பின்னால் உட்கார்ந்து வந்தவரிடம், கோரம்பள்ளம் தாண்டும்போது சொன்னாள்: "நல்லவேளை நீங்க வந்தீயப்பா. நான் தனியா வந்திருந்தா ஆசையில ஏமாந்திருப்பேன்."

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊசி காட்டியதைத்தானே சொன்னேன், அதில் பொய் எங்கே இருக்கிறது என்று தன்னோடு வாதாடிப் பார்த்தார். வாதம் நன்றாகத்தான் இருந்தது, மனசுதான் ஏற்கவில்லை. தட்டை அப்படியே தள்ளிவைத்தவரைப் பார்த்து மனைவி ஹில்டா, "பல்லு வலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். விளைவு, மூன்று நாளாக வேளைக்கு ஒரு கிராம்பை மென்று துப்பிக்கொண்டிருந்தார். ஒரு பொய்க்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் கொட்டகையில் கிரைண்டர் சத்தம். நாலு சிலிண்டருக்கென்று முன்பே வெல்டிங் வைத்திருந்த தாங்கிகளை ஜெபிஷா அறுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தாங்கியும் கழன்று விழும்போது செல்வதுரைக்கு ஒரு பக்கம் நிம்மதியாகவும் ஒரு பக்கம் கேவலமாகவும் இருந்தது. திடீரென்று கிரைண்டர் நின்றது. எட்டிப் பார்த்தார். அவள் போனை வைத்துக்கொண்டு வெகுநேரம் எதையோ பார்த்தபடி நின்றாள்.

"அப்பா, அந்த மூணாவது பிளக்கு கருப்பு அடிச்சிருந்துச்சா?"

வலு இழந்த சிலிண்டரின் பிளக் எண்ணெய் படிந்து கருத்துப்போகும்.

"நான் பாக்கலையே பிள்ள."

"சரி" என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு கிரைண்டர் ஓடவில்லை. வெள்ளிக்கிழமையும் ஓடவில்லை. தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா என்று அவள் முகத்தைப் பார்ப்பதும், அவள் திரும்பினால் சுவரைப் பார்ப்பதுமாக அந்த நாள் போயிற்று.

சனிக்கிழமை விடிந்ததும் அதற்கு மேல் தாங்கவில்லை. கிராம்பு வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். சம்மட்டிக்காரன் இன்றைக்கு லேட்டாக வரட்டும் ஆண்டவரே என்று வழியெல்லாம் ஜெபம். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு ஜெபம் பண்ண வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. இறங்கி நடக்கும்போதே கடைக்குள் இரும்பை அடிக்கிற சத்தம் கேட்டது. ஓடினார். உள்ளே ஒருத்தன் பழைய ஆட்டோவின் கூண்டை அடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.

மூச்சு திரும்பியது. அப்போதுதான் சுவரோரம் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தார். ஜெபிஷாவுடையது.

"ஒம்ம மக ஏழு மணிக்கே வந்து நிக்கா. மறுபடியும் பாக்கணுமாம். நீரு பாத்ததை என்னத்தப் பாக்கணும்னு கேட்டேன், கேஜை எடுத்துட்டுப் போயிட்டா" என்றார் அண்ணாச்சி.

ஜெபிஷா அவரை நிமிர்ந்து பார்த்தாள். நாலு சிலிண்டர் இன்ஜினில் மூன்றாவது ஓட்டையில் கேஜ் முறுக்கியிருந்தது.

"வாங்கப்பா. த்ராட்டில் பிடிக்க ஆளில்ல." சொல்லிவிட்டு ஒயர்களோடு அந்தப் பக்கம் போய்க் குத்தவைத்தாள். அங்கிருந்து கேஜ் தெரியாது. "எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் த்ராட்டிலில் கை வைத்தார். இன்னொரு தொண்ணூற்றைந்து போதும். கார் சாதுவாகவே ஓடும், மகள் முழுசாக வீடு வந்து சேருவாள். இன்ஜினுக்கு மேலே அவள் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. கொஞ்சம் தளர்த்தினால் போதும் என்று கை அவரைக் கெஞ்சியது.

முழுக்கத் திறந்தார்.

ஸ்டார்ட்டர் ஓடியது. ஊசி விறுவிறுவென்று ஏறி நின்றது.

"நூத்தி எழுவத்தொண்ணு" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னார்.

அண்ணாச்சி பக்கத்தில் வந்து கேஜைக் குனிந்து பார்த்தார். "என்னவே இது? அன்னைக்கு தொண்ணூத்தஞ்சுன்னீரு?"

"கேஜை நான் சரியா முறுக்கல அண்ணாச்சி. என் தப்புதான்" என்றாள் ஜெபிஷா, பட்டென்று.

அதோடு முடிந்திருக்கும். மகளே கதவைத் திறந்து வைத்துவிட்டாள். நுழைந்து போனால் முப்பது வருஷப் பெயர் அப்படியே இருக்கும். ஆனால் அவள் தன் வேலையில் தப்புச் செய்ததாக இன்னொரு ஆள் முன்னால் ஒத்துக்கொண்டதை அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"கேஜ் சரியாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. நான்தான் த்ராட்டிலை மூடிட்டேன்."

"ஏன்வே?"

"பயந்துட்டேன்."

அண்ணாச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, டீ சொல்லிட்டு வாரேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நல்ல மனிதர்.

"நாலு பிளக்கும் ஒரே நிறம்ப்பா. படத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுட்டு" என்றாள் ஜெபிஷா.

"பின்ன ஏம்ளா கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீயன்னு பாத்தேன்." ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் உக்காந்து யோசிச்சிருப்பேன்ப்பா. ஒத்தை சிலிண்டரே போதும்னு விட்டிருந்தாலும் விட்டிருப்பேன். நீங்க இன்ஜின் கெட்டதுன்னுல்லா சொன்னீய."

செல்வதுரை கேஜ் ஊசியைப் பார்த்தபடி சொன்னார். "இப்பவும் பயமாத்தான் இருக்கு பிள்ள."

"எனக்கும் இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதைவிட அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அவள் கேஜைக் கழற்றினாள். முதல் சிலிண்டரில் கொண்டுபோய் முறுக்கத் தொடங்கினாள்.

"அது அன்னைக்கே சரியாத்தானளா சொன்னேன். நூத்தி எழுவது" என்றார் அவர்.

"பாத்துக்கிடுதேன்ப்பா. பிடிங்க."

செல்வதுரை த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்தார். இந்த முறை ஜெபிஷா கேஜ் தெரிகிற பக்கம் உட்கார்ந்தாள்.