பெட்டிக்குள் ஒரு புத்தகம்

மகிகோ ஏழெட்டுப் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்தபடி மாடியிலிருந்து இறங்கி வந்து, திறந்திருந்த சவப்பெட்டியின் பக்கத்தில் பாய்மேல் பரப்பினாள்.

"அம்மாகூட எதைப்பா வைக்கலாம்? அவங்களுக்கு எது ரொம்பப் புடிச்சிருந்துச்சு?"

தோகுசோ குனிந்து பார்த்தார். பெட்டிக்குள் ஹருயோ கழுத்துவரை சாமந்திப் பூவோடு படுத்திருந்தாள்.

"ஒன்னு போதுங்க, ஐயா," என்றான் ஈமக்காரியம் பார்க்க வந்தவன். "மெல்லிசாப் பாத்துக் குடுங்க. தடிப் புத்தகம் சரியா எரியாது."

"அவருக்குத் தெரியாததா?" என்றாள் பக்கத்து வீட்டு தமுரா அம்மா. "எங்க வீட்டுக்காரர் மாதிரி கதை கேக்க ஊர்லயே ஆள் இல்லைன்னு ஹருயோ எத்தனை வாட்டி பீத்திக்கிட்டா! என் வீட்லயும் ஒன்னு இருக்கே, டிவியில பேஸ்பால் முடியறவரைக்கும் எதிர்ல நிக்கறது பொண்டாட்டியா தூணான்னே தெரியாது."

நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தோகுசோவுக்குக் காது சுட்டது.

ஹருயோ ஆயுசு முழுக்கப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கி வாங்கி மாடிப்படி ஓரமாக அடுக்கி வைத்தவள். மீன் கொட்டகையில் கணவாய் அறுத்துவிட்டு வந்தால் சமையல், துவைப்பு. படிக்க ஏது நேரம்? போன குளிர்காலம் டாக்டர் இனி வேலைக்குப் போகக்கூடாது என்று சொன்னபோது, "அப்பாடா, இனிமே படிக்கலாம்," என்றாள். இந்த ஒரு வருஷமாக அடுக்கின் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். சாப்பாடு முடிந்ததும் அன்றைக்குப் படித்ததை அவருக்குக் கதையாகச் சொல்வாள். விடியுமுன் எழுந்து துறைமுகத்தில் ஐஸ் பாளம் சுமந்த உடம்பு அவருக்கு. கணப்பு மேஜைக்கடியில் காலை நீட்டியதும் கண் செருகும். இரண்டு தரம் உம் கொட்டுவார். அப்புறம் எதுவும் தெரியாது.

எழுத்தே தெரியாதவராக இருந்திருந்தால்கூடத் தப்பிக்கலாம். ஐம்பது வயசில் அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் இரவுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவளே அவள்தான். பாயில் கிடந்த அட்டைகளில் இருந்த பெயர்களையெல்லாம் இப்போது அவரால் படிக்க முடிந்தது. எதற்குள்ளே என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

"அப்பா, நேரமாச்சு."

இருப்பதிலேயே மெல்லியதை எடுத்தார். பெயரில் ஏதோ ஓர் ஊர் இருந்தது. நீல அட்டையில் அலை அலையாகக் கோடுகள்.

"இதுதான்."

"எதைப் பத்தினதுப்பா?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். "கடலுக்குப் போன மகனுக்காக..." என்றார். "ஒரு அம்மா கரையிலயே காத்துக்கிட்டிருப்பா. அவன் வரவே மாட்டான்."

தமுரா அம்மா கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஹருயோவின் தங்கை இகுகோ மட்டும் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அவள் வாய் திறக்கப்போகிறாள் என்று நினைத்தார். அவளோ புத்தகத்தை வாங்கி அக்காவின் கைப்பக்கம் வைத்தாள்.

"ஆமா. இது அக்காவுக்கு ரொம்பப் புடிக்கும்," என்றாள்.

மூடியை மூடினார்கள்.

சுடுகாட்டுக் கட்டடத்தில் காத்திருக்கும் அறை கதகதப்பாக இருந்தது. உறவுக்காரர்கள் அரிசி முறுக்கைக் கடித்தபடி சாலையில் உறைந்த பனியைப் பற்றிப் பேசினார்கள். இகுகோ தேநீரை ஊற்றி அவர் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அத்தான்," என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காதபடி. "அந்தப் புத்தகத்துல கடலே கிடையாது. அதை அக்காவுக்கு வாங்கிக் குடுத்தவளே நான்தான்."

அவர் கோப்பையைத் தொட்டார். எடுக்கவில்லை.

"அட்டையில இருக்கறது அலை இல்ல, நீராவி. ஊர்ப் பொதுக் குளியல்கூடத்து வெந்நீர் ஆவி."

"நான் தூங்கிடுவேம்மா," என்றார் கடைசியில்.

"அக்காவுக்குத் தெரியும்."

அவர் திரும்பவில்லை.

"நீங்க தூங்கினதும் குரலைத் தாழ்த்திக்குவாளாம். எழுப்பிடக்கூடாதுன்னு. ஆனா நிறுத்தமாட்டாளாம். 'ஏன்க்கா, பைத்தியமா உனக்கு, யாருக்குச் சொல்றே?'ன்னு கேட்டேன். 'அவர் மூஞ்சி எதிர்ல இருக்குல்ல, அது போதும்'னா."

சுவரோரம் யாரோ எதற்கோ சிரித்தார்கள். தோகுசோ மடித்திருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாளம் தூக்கித் தூக்கித் தடித்த விரல்கள்.

"என்ன கதை அது?" என்றார்.

"இப்பவா?"

"சொல்லு."

இகுகோ ஆரம்பித்தாள். ஓர் ஊர்க் குளியல்கூடத்தில் காசு வாங்கிப் போடும் ஒருத்தி. வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் கஷ்டத்தை அவளிடம்தான் கொட்டுவார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கணப்பின் சூடு அவர் முதுகில் ஏறியது. மூன்று நாளாகக் கண் மூடாத உடம்பு. இமை கனத்தது.

சட்டென்று எழுந்து நின்றார்.

"என்னாச்சு அத்தான்? உக்காருங்க."

"இல்ல. நின்னுக்கிட்டே கேக்கறேன்." ஜன்னலைத் தள்ளித் திறந்தார். ஈரப்பனி முகத்தில் அடித்தது. "ஐயோ, குளிருது!" என்று தமுரா அம்மா சத்தம் போட்டாள். "நீ சொல்லு," என்றார் இகுகோவிடம்.

"ஒருநாள் காலையில கல்லாவைப் பூட்டிட்டு ரயில் ஏறிடறா. யாருக்கும் சொல்லல."

"புருஷன்?"

இகுகோ தேநீரைப் பார்த்தாள். "இருக்கான்."

"அவன் தேடலியா?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. பணியாள் இடுப்பை வளைத்து வணங்கினான். "எரிஞ்சு முடிஞ்சதுங்க. எலும்பு எடுக்கக் குடும்பத்தார் வரலாம்."

பாயிலிருந்து எல்லோரும் எழுந்தார்கள். மகிகோ அம்மாவின் படத்தை எடுத்துக்கொண்டாள். தோகுசோ ஜன்னலோரத்திலேயே நின்றார். பணியாளைப் பார்த்து, வகுப்பில் கேட்பதைப்போலக் கையை மட்டும் உயர்த்தினார்.

"அப்புறம்?" என்றார் இகுகோவிடம். "திரும்பி வந்தாளா?"

பணியாள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே காத்து நின்றான்.