பிச்சைமுத்து சொன்ன ஆமென்

தலைமையாசிரியர் அறையில் அன்று இருந்தவர்கள் நாலு பேர். மேசைக்குப் பின்னால், பெரம்பலூரிலிருந்து வந்திருந்த தாளாளர் பிரேம்குமார். அவருக்கு வலப்பக்கம் தலைமையாசிரியை சம்பூர்ணம். எதிரே சுவரோரப் பெஞ்சில், இரண்டாம் வகுப்பு ஹேமலதாவின் அம்மா மலர்கொடி. வேன் டிரைவர் பிச்சைமுத்து உட்காரவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு நிலைப்படியருகே நின்றார்.

அரியலூரில் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் சின்ன பாப்டிஸ்ட் பள்ளிக்கூடம் அது. முந்தின நாள் மழைக்காக மத்தியானமே மணி அடித்துவிட்டார்கள். வேன் வரவில்லை. காத்திருந்து பார்த்த ஹேமலதா தனியாக நடக்கத் தொடங்கி, சிமெண்ட் லாரிகள் ஓடும் ரோட்டில் அழுதுகொண்டு நின்றிருக்கிறாள். யாரோ கண்டு கூட்டிவந்தார்கள்.

“லாரிக்காரன் கண்ணுல படாம போயிருந்தா? எம்புள்ளய யாரு திருப்பிக் குடுப்பா?” என்றாள் மலர்கொடி.

“சீக்கிரம் விடுறதா எனக்கு யாரும் போன் பண்ணலீங்கய்யா. எப்பவும்போல நாலு மணிக்குத்தான் வந்தேன்,” என்றார் பிச்சைமுத்து.

தாளாளர் திரும்பினார். “டீச்சர், நீங்க சொன்னீங்களா?”

கிறிஸ்துமஸ் பாட்டுப் பழக்குகிற மும்முரத்தில் போனைத் தொடவே மறந்தது சம்பூர்ணத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. “சொன்னேன் சார்.”

பிச்சைமுத்துவுக்குக் கோபம் வரவில்லை, குழம்பிப்போனார். “டீச்சர் சொன்னேன்னா சொல்லித்தான் இருப்பாங்க. எனக்குத்தான் மறந்துடுச்சு போல.”

பதினாறு வருஷ வேலை அதோடு போயிற்று. சாவியை மேசைமேல் வைத்தார்.

“முடிவு ஜெபம் பண்ணிடுங்க டீச்சர்,” என்றார் தாளாளர்.

உண்மையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த கர்த்தருக்கு சம்பூர்ணம் கண்மூடி நன்றி சொன்னார். நிலைப்படியிலிருந்து எல்லாருக்கும் முந்தி உரக்க வந்தது: “ஆமென்!” பிச்சைமுத்துவுடையது கோயிலுக்குக் கிடா வெட்டுகிற குடும்பம்தான், ஆனாலும் பதினாறு வருஷக் காலைப் பிரேயரில் பழகிய வாய்.

அதன்பிறகு நாலு நாள் காலை ஜெபத்தில் பிள்ளைகளின் ஆமென் மட்டும் கேட்டது. ஐந்தாம் நாள் சம்பூர்ணம் தாளாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். ‘நான் போன் செய்யவில்லை. பிச்சைமுத்து எதையும் மறக்கவில்லை. என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி, அவரை வேலைக்குத் திரும்ப அழைக்கவும். மலர்கொடியையும் வரவழைத்து எல்லார் முன்னிலையிலும் இதை வாசியுங்கள். அன்று பிச்சைமுத்துவுக்கு நாற்காலி போடவும். நான் நின்றுகொள்கிறேன்.’

கவரை ஒட்டி, ஓரத்தை விரலால் இருமுறை அழுத்தித் தேய்த்து, தபால் ஆபீஸில் நீட்டினார்.

“பெரம்பலூர்தானே டீச்சர், ஒரு போன் பண்ணா முடிஞ்சுது!” என்றார் கவுண்டரில் இருந்தவர்.

“பண்ண வேண்டிய நேரத்துல பண்ணாததாலதாம்பா இது. அனுப்பிடு.”

முத்திரை விழுந்தது. கடிதம் பைக்குள் போயிற்று.