மேஜருக்குச் சோடி

மகள் சவரம் செய்துகொண்டிருந்தாள். பாதி முகம் முடிந்திருந்தபோது அப்பா இறந்துபோனார். காலை பதினொன்று பத்து. கத்தியைத் தண்ணீரில் அலசிவிட்டுத் திரும்பினாள், அதற்குள் ஆள் இல்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். "அப்பா" என்று ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, நுரை காய்வதற்குள் வலது கன்னத்தையும் மழித்து முடித்தாள். இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்த மனிதரை அரைச் சவரத்தோடு எப்படி விடுவது?

அம்மா வாசற்படியில் துண்டோடு நின்றிருந்தாள்.

"போயிட்டாரா?"

"ம்."

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை மகளுக்குப் புரிந்துவிட்டது.

"வேண்டாம்மா."

"என்ன வேண்டாம்? நான் இன்னும் வாயே திறக்கலையே."

திறக்கத் தேவையில்லை. அன்று மூன்று மணிக்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. அப்பாவின் மசோதா.

அவர் மேஜராக இருந்தபோது, ஒரு மலைப்பாதைப் பின்வாங்கலில் பதினோரு பேரை விட்டுவிட்டு இறங்கி வந்தவர். உடல்கள் கிடைக்கவில்லை. செத்தார்கள் என்று எழுத யாரும் துணியவில்லை. இருக்கிறார்கள் என்று சொல்லவும் ஆளில்லை. காகிதத்தில் "காணவில்லை". அவர்களுடைய மனைவிமார் இருபத்துநாலு வருடமாக மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. ஒருத்தி இரண்டாம் கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகம் போய், முதல் புருஷன் எங்கே என்று கேட்டதும் திரும்பி வந்தாள். அப்பா சீருடையைக் கழற்றிவிட்டுத் தேர்தலில் நின்றார். முதல் தடவை தோற்றார், அப்புறம் நாலு தடவை ஜெயித்தார். சாலை, பாலம், துறைமுகம் என்று எல்லாவற்றுக்கும் பேசினார். ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் இதே மசோதாவையும் தூக்கிக்கொண்டு வருவார்: இத்தனை வருடம் காணாமல் போன வீரரைச் சட்டப்படி இறந்தவராக அறிவிக்க வேண்டும். "வந்துட்டாருய்யா, பதினோரு பேர் கட்சித் தலைவர்" என்று அவையில் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு மைக்கைப் பிடிப்பார். ஏழு முறை தள்ளுபடி. இது எட்டாவது.

போன் அடித்தது. கட்சிக் கொறடா. நல்ல மனிதர்தான், ஆனால் தலைகளை எண்ணாமல் அவருக்குத் தூக்கம் வராது.

"அண்ணன் எப்படிம்மா இருக்காரு?"

"தூங்கறாரு" என்றாள் மகள். பொய் அத்தனை சுலபமாக வந்தது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"தூங்கட்டும், தூங்கட்டும். நம்ம பக்கம் நூத்திப்பதினேழு, அந்தப் பக்கம் நூத்திப்பதினாறு. ஒத்தை ஓட்டும்மா! அண்ணன் சோடி மட்டும் சொன்ன சொல் மாறாம இருக்கணும்."

சோடி என்பது அந்த அவையின் பழைய வழக்கம். ஒருவர் நோயில் விழுந்தால், எதிரணியில் ஒருவர் தானும் வாக்களிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பார். இதற்குக் காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான். நோயாளி இருக்கும்வரை அது செல்லும். இறந்துவிட்டால் அந்த நிமிடமே செல்லாது. சோடி போட்டவர் எழுந்து வாக்களிக்கலாம். அப்படி அளித்தால் இன்றைக்குச் சரிக்குச் சரி. சரிக்குச் சரி என்றால் மசோதா தோற்றது என்று அர்த்தம்.

அப்பாவுக்குச் சோடி போட்டிருந்தவர் கப்பல்காரர். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மசோதாவை எதிர்ப்பதற்கென்றே அரசியலுக்கு வந்தவர். அவருடைய ஒரே மகன், கல்யாணம் ஆகாதவன், அந்தப் பதினோரு பேரில் ஒருவன். "செத்துட்டான்னு நீங்க சட்டம் போட்டா அவன் செத்துடுவானா?" என்று பதினெட்டு வருடமாக அவையில் கத்திக்கொண்டிருந்தவர். அப்பா படுக்கையில் விழுந்ததும் அவரே போன் செய்தார். "கட்டில்ல கிடக்கறவனை அடிச்சு ஜெயிக்கிற பழக்கம் எனக்கு இல்ல. எழுந்து வாய்யா, அப்புறம் உன்னைத் தோக்கடிக்கறேன்."

"நாலு மணி நேரம்" என்றாள் அம்மா. "அவர் ஆயுசு முழுக்க அலைஞ்சதுக்கு நாம நாலு மணி நேரம் வாயை மூடிட்டு இருக்க முடியாதா?"

"கப்பல்காரர் பையனை நெனைச்சுப் பாரும்மா. நம்பி வாக்குக் குடுத்த மனுஷன்."

"நான் பத்துப் பொம்பளைங்களை நெனைச்சுப் பாக்கறேன்."

மகள் திரையை இழுத்துவிட்டாள். மின்விசிறியை ஓடவிட்டாள். அப்பாவின் தலையை ஜன்னல் பக்கம் திருப்பி, தூங்குகிறவர் போலப் படுக்கவைத்தாள். பன்னிரண்டு வருடம் அவருக்கு உதவியாளராக இருந்து கடிதமும் உரையும் எழுதிக் கொடுத்தவள். அவர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் சொல்வது இதுதான் முதல் தடவை.

ஒன்றரை மணிக்கு அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் கப்பல்காரர். அவையிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டைப்பையில் உறுப்பினர் அட்டை தொங்கியது.

"தூங்கறாரு மாமா."

"தூங்கட்டும்மா. நான் எழுப்ப வரல. சும்மா பக்கத்துல உக்காந்துட்டுப் போறேன்."

மகள் கதவை விட்டு நகரவில்லை. பின்னால் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "உள்ள வாங்கண்ணே. அந்த அறைதான்."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் மகள். கையைத் தொட்டால் போதும். அலறிக்கொண்டு வெளியே வருவார், வீடே அசிங்கப்பட்டு நிற்கும். அம்மாவும் அவளும் கூடத்தில் நின்றபடி காத்திருந்தார்கள்.

அலறல் வரவில்லை. பேச்சு வந்தது. தாழ்ந்த குரல், வார்த்தை புரியவில்லை. கொஞ்ச நேரம் பேசினார். நிறுத்தினார். பிறகு, "சரி" என்றார். மறுபடி அமைதி. "அப்புறம்?" என்றார். இன்னொருவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு அமைதி. "எந்தக் கால்?" என்று கேட்டார். இந்த முறை இடைவெளி நீண்டது. மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

"ஒத்தைக் குரல்தானே கேக்குது?" என்று அம்மா கிசுகிசுத்தாள்.

"ஒத்தைக் குரல்தாம்மா."

இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. கப்பல்காரரின் முகம் கழுவியதுபோல் நனைந்திருந்தது.

"மேஜர் கை ரொம்ப ஜில்லுன்னு இருக்கு. போர்த்திவிட்டிருக்கேன். மின்விசிறியைக் கொஞ்சம் குறைச்சு வைம்மா."

"மாமா, அப்பா..." என்று ஆரம்பித்தாள் மகள். இனி மறைக்க முடியாது, சொல்லிவிடுவோம் என்றே ஆரம்பித்தாள்.

அவர் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். "எல்லாம் சொல்லிட்டாரு. இருபத்துநாலு வருஷமா நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன். 'யாரும் பாக்கலை, எனக்குத் தெரியாது'ன்னே சொல்லிட்டிருந்த மனுஷன். இன்னிக்குச் சொல்லிட்டாரு. பாறை ஓரமா சாய்ச்சு வெச்சிருந்தாராம். உயிர் இருந்துச்சாம். பூட்ஸ் லேஸ் அவுந்திருக்கு சார், கட்டிவிடுங்கன்னானாம் என் பையன்." அவருக்குக் குரல் உடைந்தது. "அந்தக் கால்தான் இல்லையே. இருந்தாலும் குனிஞ்சு கட்டற மாதிரி பண்ணிட்டு, கட்டியாச்சுப்பான்னு சொல்லிட்டுக் கிளம்பினாராம். மத்தவங்களை இறக்கணும் பாரு. தூக்கிட்டு வர ஆளில்ல. விட்டுட்டு வந்துட்டாரு."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேன் தங்கச்சி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"பாவம், துக்கத்துல மனசு என்னென்னவோ கற்பனை பண்ணிக்குது" என்றாள் மகள். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா?"

"அது அவருக்கு எப்படிடி தெரியும்?"

"எது?"

"லேஸ்." அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. "தூக்கத்துல சொல்லுவாரு. 'கட்டியாச்சுப்பா, லேஸ் கட்டியாச்சுப்பா'ன்னு. வேர்த்துக் கொட்டும். கல்யாணமான புதுசுல கிடையாது, மலையில இருந்து வந்ததுக்கு அப்புறம்தான். யாரோட லேஸுன்னு நான் கேட்டதே இல்ல. உங்கிட்டகூடச் சொன்னதில்லையே!"

மகள் அறைக்குள் போய்ப் பார்த்தாள். போகவே காலைப் பின்னால் யாரோ இழுப்பது போல இருந்தது. போர்வை கழுத்துவரை இழுத்துவிடப்பட்டிருந்தது. நாற்காலி கட்டிலை ஒட்டிக் கிடந்தது. ஜன்னல் பக்கம் அவள் திருப்பி வைத்த தலை இப்போது நாற்காலியைப் பார்த்து இருந்தது. கப்பல்காரர்தான் திருப்பியிருப்பார், வேறு யார் திருப்பப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாழ்நாள் முழுக்கத் தெரிந்த அந்த முகத்தைக் கண்டு அவளுக்குப் பயமாக இருந்தது. கோபமும் வந்தது. ஏம்பா, இத்தனை வருஷம் வாயில என்ன வெச்சிருந்தீங்க என்று கேட்கவேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. ஒருவேளை பதில் வந்துவிட்டால்?

மூன்று மணிக்குத் தொலைக்காட்சி முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். அந்த அவையில் இன்னும் எழுந்து நின்று கை தூக்கித்தான் வாக்கு. ஒரு ஊழியர் வரிசை வரிசையாக நடந்து எண்ணிக்கொண்டு போவார், எண்ணியவர்கள் கையை இறக்கிவிட்டு உட்காரலாம். எதிர்ப்பவர்களை முதலில் எண்ணினார்கள். கப்பல்காரர் தன் இடத்தில் உட்கார்ந்தே இருந்தார். மகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நூத்திப்பதினாறு" என்றார் அவைத்தலைவர். "ஆதரிப்பவர்கள்?"

கொறடாவின் பக்கம் மொத்தமாக எழுந்தது. ஊழியர் எண்ணி முடித்துத் திரும்பியபோது எதிர்ப்பக்கம் சலசலப்பு. கேமரா அங்கே திரும்பியது. கப்பல்காரர் தனியாக எழுந்து நின்றிருந்தார், வலது கை மேலே.

"நூத்திப்பதினெட்டு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் மேஜை தட்டும் ஓசை. மசோதா நிறைவேறியது என்று அவைத்தலைவர் இரண்டு முறை சொன்னார். கொறடா யாரையோ கட்டிப்பிடித்தார். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"டாக்டருக்குப் போன் பண்ணுடி" என்றாள் அம்மா.

மகள் போனைக் கையில் எடுத்தாள், எண்ணை அழுத்தவில்லை. திரையில் கப்பல்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து இருக்கைக்காரர் அவர் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தார், காதில் ஏதோ சொன்னார். எண்ணியாகிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார். தூக்கிய கை இறங்கவில்லை.