சத்தமான டைமர்

ஆயுதப்படையில் ஆதிலட்சுமி குறி தப்பிச் சுட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. வேகமும் அப்படித்தான். விசில் சத்தம் அடங்குவதற்குள் முதல் தோட்டா டார்கெட்டைத் துளைத்திருக்கும். அதனால் 2002இல் போலீஸ்காரர்களுக்கான மாநிலத் துப்பாக்கிப் போட்டிக்குத் திருவண்ணாமலையிலிருந்து அவளை அனுப்பியபோது, மெடல் மாட்ட வேண்டும் என்று சுவரில் ஆணியே அடித்து வைத்துவிட்டான் அவள் புருஷன் கோதண்டராமன்.

சென்னைக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பினாள்.

அங்கே விசில் கிடையாது. ரிவால்வரைத் தாழ்த்திப் பிடித்து நிற்க வேண்டும். எங்கிருந்தோ பஸ்ஸர் அலறும். உடனே கையை உயர்த்திச் சுட வேண்டும். மறுபடி பஸ்ஸர் அலறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஆதிலட்சுமியின் கடைசித் தோட்டா நேரம் கடந்த பிறகே வெடித்தது. எப்படியாவது ஈடுகட்டலாம் என்று கடைசிச் சுற்றில் அவசரப்பட்டாள்; பஸ்ஸர் அடிக்கும் முன்பே சுட்டுவிட்டாள். நடுவர் அவளை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார்.

"பதட்டம்மா, வேற ஒண்ணுமில்ல. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் கூட வந்திருந்த ஏட்டு சடையன். வேங்கிக்கால் ஊரைத் தாண்டிப் பாறைக்குன்றின் அடியில் இருந்த ஃபயரிங் ரேஞ்சு அவர் பொறுப்பு. ஆதிலட்சுமிக்கு இத்தனை வருஷமும் விசில் அடித்தவர் அவர்தான். அவர் விசில் அடித்தால் குன்றுக்கு அந்தப் பக்கம் மேயும் ஆடுகூடத் திரும்பிப் பார்க்கும்.

சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நின்ற வேறு மாவட்டத்துப் பெண் காவலர் ஒருத்தி, "நாங்க டைமர் வச்சுப் பழகுறோம்க்கா" என்றாள். கை அகலப் பெட்டியாம். பொத்தானை அழுத்திவிட்டு நின்றால், அதற்கே தோன்றுகிற ஒரு நேரத்தில் 'பீப்' என்று கத்துமாம். அதற்குப் பிறகு எத்தனை நொடியில் சுட்டோம் என்பதை, வெடிச்சத்தத்தைக் கேட்டே எண்ணாகக் காட்டுமாம்.

ஊர் வந்ததும் ஆதிலட்சுமி அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த தம்பி எழிலுக்குப் போன் போட்டாள். விசாரித்துவிட்டு அவனே திரும்பக் கூப்பிட்டான்.

"அக்கா, ரெண்டு தினுசு இருக்குது. எது ஒனக்கு ஒத்துவரும்னு எனக்குத் தெரியல. லீவுல வரும்போது ரெண்டையும் எடுத்துனு வரேன். புடிக்காதத நான் திரும்பிப் போய்க் கடையிலயே குடுத்துடறேன்."

"யூஸ் பண்ணதத் திரும்ப வாங்கிக்குறானா? இன்னா ஊருடா அது!" என்று அதே போனில் தானும் காதை ஒட்டி வைத்திருந்த கோதண்டராமன் வியந்தான்.

அடுத்த ஆடி மாதம் எழில் வந்தான். கூடத்தில் பாயை விரித்து இரண்டு டைமரையும் வைத்தான். ஒன்று சாம்பல் நிறம், உடம்பெல்லாம் பொத்தான். மற்றது மஞ்சள் நிறம், மொத்தமே மூன்று பொத்தான்தான்.

முதலில் சாம்பல் நிறத்தை அழுத்தினான். குருவி முனகுவதுபோல ஒரு 'பீப்' வந்தது. பிறகு மஞ்சளை அழுத்தினான். அடுத்த நொடி வீடே அலறியது. ஆதிலட்சுமியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. பக்கத்து வீட்டு அஸ்மத் வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள்.

"ஆதிக்கா, கேஸு ஏதாச்சும் லீக்காவுதா?"

"இல்ல அஸ்மத், எழிலு டைமர் கொண்டாந்திருக்கான்."

"டைமரா? பூகம்பம் வந்தாக்கூட இத வச்சே ஊர எழுப்பலாம் போல!" என்று அவளும் பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

தீபாவளிக்கு வாங்கி மிஞ்சியிருந்த பொட்டுவெடித் துப்பாக்கியால் சோதனை நடந்தது. எழில் ஒரு தரம் சுட்டான். மஞ்சள் டைமர் ஒன்று என்று காட்டியது. கோதண்டராமன் காபி டம்ளரைத் தரையில் வைத்தான். இரண்டு என்றது. அஸ்மத் தும்மினாள். மூன்று.

"நானும் சுட்டுட்டேனா?" என்று அவள் மூக்கைத் துடைத்தாள்.

சாம்பல் நிறத்தில் காது எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. டம்ளருக்கும் தும்மலுக்கும் அது அசையவில்லை. கோதண்டராமன் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போடுகிறவன். அவனுக்கு இதற்குமேல் யோசனையே தேவைப்படவில்லை.

"லட்சுமி, சாம்பல் கலரே வச்சிக்கோ. அதுக்கு நல்ல காது. மஞ்சளுக்கு வாய் மட்டும்தான்."

"சத்தம் கம்மியா இருக்குதே."

"அத வுடு. ஆம்ப்ளிஃபயர் வச்சி ஹாரன்ல குடுத்தன்னா செங்கம் வரைக்கும் கேக்கும்."

"ரேஞ்சுல சுட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று அவள் பேச்சை முடித்தாள்.

பௌர்ணமி கிரிவலப் பந்தோபஸ்து முடிந்து கூட்டமெல்லாம் பஸ் ஏறிய மறுநாள் காலை, இன்ஸ்பெக்டரிடம் அனுமதி வாங்கி எழிலையும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனாள். எப்போதும்போலக் காலை வெயில் முதுகில் அடித்தது. சடையன் கழுத்தில் விசிலோடு வந்து இரண்டு பெட்டிகளையும் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"இதான் எனக்குப் பதிலா வந்திருக்குற ஆளா?"

"அப்படியெல்லாம் இல்ல ஏட்டய்யா, சும்மா பாக்கலாம்னுதான்."

முதலில் மஞ்சள். காதடைப்பான் போட்டிருந்தும் 'பீப்' தெளிவாகக் கேட்டது. ஆதிலட்சுமி ரிவால்வரில் இருந்த ஆறையும் சுட்டாள். எழில் டைமரைப் பார்த்துவிட்டு, "ஒம்பது" என்றான்.

சடையனுக்கு வியர்த்துவிட்டது. ரேஞ்சில் ஒவ்வொரு காலித் தோட்டாவையும் பொறுக்கி ஆபீசில் ஒப்படைக்க வேண்டியவர் அவர். "ஒம்பதா? நான் ஆறுதானம்மா குடுத்தேன்! மீதி மூணு எங்கேர்ந்து வந்துது? எழுதி கிழுதி வைக்காதப்பா, அழி, அழி!"

"பயப்படாதீங்க சார், பாறையில பட்டு எதிரொலிக்குது இல்ல, அதையும் சேத்து எண்ணிடுச்சி" என்று எழில் சிரித்தான். "முதல் குண்டோட நேரம் மட்டும் சரியா இருக்கும். அதுக்கு முன்னாடி எதிரொலி கெடையாதே."

அடுத்தது சாம்பல். அது ஆறை ஆறு என்றே காட்டும் என்று எழில் உறுதியாகச் சொன்னான். ஆனால் ஆதிலட்சுமி சுடவேயில்லை. கையைத் தாழ்த்தியபடி நின்றுகொண்டே இருந்தாள். எழில் கையைக் காலை ஆட்டிக் கூப்பிட்ட பிறகே காதடைப்பானைக் கழற்றினாள்.

"கத்துச்சா?"

"எப்பவோ கத்திட்டு, இப்பத் தூங்கவே போயிடுச்சி."

சடையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாத்தியா? ஒண்ணு ஊமை, ஒண்ணு கணக்கு தெரியாதது. என் விசிலுக்கு ஈடு எங்க இருக்குது? வேணும்னா அந்த மஞ்சப் பொட்டியே சொல்லட்டும். அதுதான் எல்லாச் சத்தத்தையும் கேக்குதே, என் விசிலையும் கேக்கும்."

அது நல்ல யோசனையாகவே எழிலுக்குப் பட்டது. மஞ்சளை ஓடவிட்டு, அது கத்தி முடித்ததும் தரையில் வைத்தான். சடையன் வழக்கமான இடத்தில், ஆதிலட்சுமிக்குச் சற்றுப் பின்னால் நின்று ஊதினார். விசிலோடு விசிலாகத் துப்பாக்கி வெடித்தது. எழில் இரண்டு சத்தத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். பெட்டி அடித்த 'பீப்'புக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

"அக்கா, மனுசங்களால இவ்ளோ சீக்கிரம் கையத் தூக்கவே முடியாதே."

சடையன் மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் ஆதிலட்சுமி சிரிக்கவில்லை. முன்னால் இருந்த மணலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நிழல் நீளமாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் சடையனின் நிழல். அவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோக, நிழலின் முழங்கையும் மேலே போயிற்று.

"ஏட்டய்யா," என்றாள் மெதுவாக, "அந்த ஷெட்டு பின்னாடி போய் நின்னு ஊதுங்களேன்."

"எதுக்கும்மா?"

"சும்மா ஊதுங்க."

அவர் போய் ஊதினார். துப்பாக்கி தாமதமாகத்தான் வெடித்தது. இன்னொரு முறையும் அப்படியே. பெட்டியின் 'பீப்'புக்கு எவ்வளவு நேரமோ, கிட்டத்தட்ட அதே நேரம்.

ஆதிலட்சுமி ரிவால்வரைக் காலி செய்து மேஜைமேல் வைத்துவிட்டு மணல்மூட்டையில் உட்கார்ந்தாள். பணியில் சேர்ந்த நாளிலிருந்து மாவட்டத்திலேயே வேகமான கை என்று பெயர் வாங்கியிருந்தாள். அவளும் அதை நம்பியிருந்தாள். சென்னையில் பஸ்ஸருக்குக் கை கிடையாது, நிழலும் கிடையாது. அங்கே அவள் பதறவில்லை. அவளுடைய உண்மையான வேகமே அவ்வளவுதான்.

சடையன் ஷெட்டின் பின்னாலிருந்து வந்தார். நிழலைப் பற்றி ஆதிலட்சுமி சொல்லக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"அப்போ இத்தினி வருசமா என் நெழலப் பாத்தா சுட்டுக்கினு இருந்த?"

"எனக்கே இப்பத்தான் ஏட்டய்யா தெரியும்" என்றவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அவருடைய திகைத்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மூவருமே சிரித்தார்கள்.

மஞ்சளையே வைத்துக்கொள்வதாக அவள் அங்கேயே சொல்லிவிட்டாள். வீட்டில் கோதண்டராமன் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஆறச் சுட்டா ஒம்பதுன்னு சொல்ற மெஷின வச்சினு இன்னா பண்ணுவ?"

"எத்தினி சுட்டேன்னு எனக்கே தெரியும். அத எண்றதுக்கு எதுக்கு மெஷினு? எப்பக் கத்தும்னு எனக்குத் தெரியக் கூடாது, கத்துனா காதுல விழணும், மொத குண்டு எவ்ளோ லேட்டுன்னு சொல்லணும். அதெல்லாம் இது பண்ணுதே."

"நான் ஆம்ப்ளிஃபயர் குடுக்குறேன்னு சொன்னேனே…"

"ரேஞ்சுக்கு டெய்லி ஹாரன் கட்டுனா எங்க இன்ஸ்பெக்டர் உன்னத்தான் புடிச்சி உள்ள போடுவாரு."

சாம்பல் டைமர் எழிலோடு விமானம் ஏறியது.

சடையன் ஒரு வாரம் ரேஞ்சில் அவளிடம் அளவாகவே பேசினார். பிறகு ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் தானே அந்தப் பெட்டியை அழுத்திச் சுட்டுப் பார்த்திருக்கிறார். அவள் வந்ததும், "எனக்கு ஒன்னவிட லேட்டும்மா" என்று ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து பொத்தானை அழுத்தும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நாலைந்து மாதம் காலி ரிவால்வரோடும், கிடைத்தபோது தோட்டாவோடும் அவள் 'பீப்'புக்குக் கை உயர்த்தினாள். ஆரம்பத்தில் ஒன்றும் நகரவில்லை. தோளை இறுக்கி நிற்பதைச் சடையன் கண்டுபிடித்துத் திட்டிய பிறகு கை லேசாயிற்று. எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அந்த வருஷப் போட்டியில் பஸ்ஸர் அலறியபோது ஆதிலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கடைசித் தோட்டா நேரத்துக்குள் போய்விட்டது. ஒருமுறைகூட முந்தவில்லை. மூன்றாவது இடம் வந்தாள். முதலிடம் வந்தவள் அவளைவிடப் பத்து வயது சின்னவள். கைகுலுக்கிய பிறகும் அந்தப் பெண் ஆதிலட்சுமியின் கையை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பதட்டமா?" என்று கேட்டாள் ஆதிலட்சுமி.

"ஆமாக்கா, ரொம்ப. உங்களுக்கு இல்லையா?"

"எனக்கும்தான்" என்றாள் ஆதிலட்சுமி. இருவரும் சேர்ந்தே டீ குடிக்கப் போனார்கள்.