இரண்டாவது தம்ளர்

ப்ளுவெத் எருக்குழியின் மூடியை அகலத் திறந்துவிட்டாள். அப்சிந்த் சாராயத்தின் சோம்பு வாசனையை அமுக்க ட்ராவர் பள்ளத்தாக்கில் அதைவிட்டால் வேறு வழியில்லை. காய்ச்சக்கூடாதென்று சட்டம் வந்து ஐம்பது வருஷம் ஆகிறது. வந்து என்ன? பாதிரியார் ஞாயிறன்று அதைக் கரித்துக்கொட்டுவார், செவ்வாயன்று வயிற்றுவலி என்று ஆளனுப்புவார். அபராதம் போடும் நீதிபதியின் வீட்டுக் கல்யாணத்திலும் அதுதான் ஓடியது. மாட்டிக்கொண்டவன் மட்டும் குற்றவாளியாம். நல்ல நியாயம்!

அவள் புருஷன் நூமா ஒருமுறை மாட்டியவன். வீடு அவன் பேரில் இருந்ததால், அவள் காய்ச்சினாலும் இன்னொரு முறை சிறைக்குப் போகவேண்டியவன் அவன்தான். மாடியில் இருமிக்கொண்டு கிடக்கும் அவன் சிறைக்குளிரில் ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டான்.

பத்து மணிக்கு மதுவிலக்கு அதிகாரிகள் இருவர் வந்து நின்றார்கள். ஒருவர் தொழுவத்தைக் குடையப் போனார். மூத்தவர் பெரனூ அடுப்படியில் உட்கார்ந்தார்.

"என்னம்மா, இந்தப் பனியில எருக்குழியைத் தொறந்து போட்டிருக்கீங்க?"

"மாடு உங்க சட்டத்தைக் கேட்டுட்டா சாணி போடுது?"

அவர் சிரித்தார். "வாய் மட்டும் குறையில்ல. நாக்கு வறளுது, கொஞ்சம் தண்ணி கொடுங்க."

பதற்றத்தில் கைக்கு எட்டிய தம்ளரைக் குழாயடியில் நீட்டினாள். காலையில் நூமா இருமலுக்குக் குடித்த தம்ளர் அது. அடியில் தங்கியிருந்தது தண்ணீரைப் போலத்தான் தெரிந்தது. குழாய்த் தண்ணீர் பட்டதும், அப்சிந்த் மட்டுமே வெளுப்பதுபோல், பாலாய் வெளுத்தது.

ஐயோ! அதைக் கொட்டிவிடத் திரும்பினாள். பெரனூ எழுந்து தம்ளரை வாங்கி, மோந்து, ஒரே மூச்சில் குடித்தார்.

"எங்கம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்கு. ஃப்ளூரியேல அவங்க காய்ச்சினா தெருவே வாசல்ல நிக்கும்."

ப்ளுவெத்துக்குப் போன உயிர் திரும்பியது. பக்கத்து ஊர்ப் பிள்ளை, காட்டிக்கொடுப்பாரா? விருந்தாளியை ஒரு தம்ளரோடு அனுப்புவது அங்கே யாருக்கும் வழக்கமில்லை. மாவுப்பெட்டிக்குள்ளிருந்து முழு பாட்டிலை எடுத்து அவளே ஊற்றினாள்.

அவர் இரண்டாவதை நிதானமாகக் குடித்துவிட்டு, பாட்டிலைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"எங்கப்பாவைப் பிடிக்க வந்தவரும் ரெண்டாவது தம்ளரைக் குடிச்சிட்டுத்தாம்மா எழுந்தார்."

பிறகு ஜன்னலைத் திறந்து தொழுவத்தைப் பார்த்துக் கத்தினார். "கடப்பாரையை எடுத்துக்கிட்டுப் பன்றிக்கொட்டிலுக்குப் போ! தரையைப் பேத்துப் பாரு. எங்க வீட்லயும் காய்ச்சுற கொப்பரை அங்கதான் இருந்துச்சு."

மேலே இருமல் நின்றது.

"யாருடி வந்திருக்காங்க? அவங்களுக்கு ஊத்தறப்ப எனக்கும் ஒரு வாய் கொண்டா," என்றான் நூமா.