ஆறாம் எண் அறைக் கடிகாரம்

சனிக்கிழமை மத்தியானம் ரமணிக் படேல் கண்ணாடி முன் நின்று கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். செயின்ட் லூயிஸில் தங்கை மகனுக்கு நிச்சயதார்த்தம். இரண்டு மணி நேரம் காரோட்டிப் போக வேண்டும். முன்னறையில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி தக்ஷா, அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கடிகாரமெல்லாம் மாத்தியாச்சா?"

"ஆச்சு, ஆச்சு."

ஆகவில்லை. கோடைக்காலப் பகல் வெளிச்சம் வீணாகாமலிருக்க, மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு விடிவதற்குள் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். படேலின் விடுதியில் பதினாலு அறைகள். ஒவ்வொரு கட்டிலருகிலும் சிவப்பு எண்கள் ஒளிரும் ஒரு கடிகாரம் உண்டு. விடுதியை வாங்கிப் பத்தொன்பது வருஷமாக, முந்தின நாள் சாயங்காலமே அவர் அறை அறையாகக் கதவைத் தட்டுவார். "உங்க தூக்கத்துல ஒரு மணி நேரம் திருட வந்திருக்கேன்" என்று சிரித்தபடி, ஒவ்வொன்றையும் தன் கையாலேயே மாற்றிவிட்டுப் போவார்.

அந்த மனிதர்தான் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துபோயிருந்தார். நெடுஞ்சாலை ஓரம் நீச்சல் குளத்தோடு பெரிய விடுதி ஒன்று வந்து, பாதி ஆட்களை இழுத்துக்கொண்டது. காலை ஆறு மணிக்கு வைக்கிற காப்பி ஆறரை ஆனது. சில நாள் வைக்கவே இல்லை. தக்ஷா கேட்டால், "யாரு பாக்கறா" என்பார். கடிகாரத்துக்கும் அதே சமாதானம்தான். எல்லார் கையிலும் போன் இருக்கிறது, அது தானாக மாறிக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டே காரில் ஏறினார். இரவு தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டார்.

போன் இல்லாத ஒருவர் அன்று சாயங்காலம் ஆறாம் எண் அறைக்கு வந்தார். ஜெரால்டின் என்ற அந்த அம்மாவுக்கு எழுபத்தோரு வயது. மகன் லாமர் ஊருக்கு வெளியே உள்ள சிறையில் இருந்தான். மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவனைப் பார்க்கலாம். அதற்காக ஒன்பது வருஷமாக சிகாகோவிலிருந்து பஸ் ஏறி வந்து இதே அறையில் தங்குவார். சிறைக்குள் போனை விடமாட்டார்கள். கார் வைத்திருப்பவர்கள் காரிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். நடந்து போகிற இவர், அதை எங்கே விடுவது என்ற கவலையே வேண்டாமென்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்.

இந்த முறை அவர் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. லாமருக்கு ஈரல் கெட்டுப்போய்விட்டது, சிறை மருத்துவமனையில் படுக்கையில் இருக்கிறான், தாமதிக்காமல் வந்து பாருங்கள் என்று அதில் எழுதியிருந்தது. தக்ஷா கொடுத்த தெப்லாவைக்கூட அவரால் சாப்பிட முடியவில்லை. "இந்த மஞ்ச ரொட்டிய நாளைக்கு அவனைப் பாத்துட்டு வந்து சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

காலையில் கட்டிலருகே இருந்த கடிகாரம் ஏழு என்று காட்டியபோது கிளம்பினார். அரை மணி நேர நடை. எட்டு மணிக்குப் பெயர்ப் பதிவு முடியும், நிறைய நேரம் இருக்கிறது என்று மெதுவாகவே நடந்தார். சிறை வாசலில் வரிசையே இல்லை. காவலர் சுவரைக் காட்டினார். அங்கிருந்த கடிகாரத்தில் மணி எட்டரை. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ரமணிக் மத்தியானம் திரும்பியபோது, ஆறாம் எண் அறைக்கு வெளியே ஜெரால்டின் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற தக்ஷா புருஷனை நிமிர்ந்து பார்த்து, "கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால காட்டியிருக்கு" என்றாள். கரண்ட் போய் வந்திருக்கும், அதில் கடிகாரம் குழம்பியிருக்கும் என்று ரமணிக் வாய்க்கு வந்ததைச் சொன்னார். இருக்கும் என்று அந்த அம்மா தலையாட்டியதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை லாமர் இறந்துபோனான்.

வியாழக்கிழமை ஜெரால்டின் மறுபடி வந்தார். சிறையில் கொடுத்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதே கட்டிலில் உட்கார்ந்தார். மகனின் மூக்குக்கண்ணாடியும் இரண்டு சட்டைகளும் இவர் எழுதிய கடிதங்களும் அதற்குள் இருந்தன. ரமணிக் தக்ஷாவோடு வாசற்படியிலேயே நின்றார்.

"கரண்ட் போகல, மிஸ் ஜெரால்டின். நான்தான் மாத்தல. மாத்திட்டேன்னு இவகிட்டயும் பொய் சொன்னேன்."

ஜெரால்டின் கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது அது சரியான நேரத்தைக் காட்டியது.

"அன்னிக்கு லாமர் தலையெல்லாம் வாரிக்கிட்டு உக்காந்திருந்தானாம். நர்ஸ் சொன்னா. 'எங்கம்மா லேட்டா வரமாட்டாங்க, வழியில அவங்களுக்கு ஏதோ ஆயிருக்கு'ன்னு நாள் பூரா என்னை நெனச்சுக் கவலப்பட்டானாம்."

பெட்டியின் மூடியைத் தடவிக்கொடுத்தார்.

"பஸ் நேரத்த ரெண்டு தடவ கேப்பேன், மிஸ்டர் படேல். சிறையில குடுக்கற சீட்ட மூணு தடவ படிப்பேன். இந்த ஒன்பது வருஷத்துல நான் சரிபாக்காதது ஒண்ணே ஒண்ணுதான். உங்க கடிகாரம்."

அந்தக் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் ரமணிக்குக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தக்ஷா கட்டிக்கொடுத்த மஞ்சள் ரொட்டியை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு அந்த அம்மா பஸ்ஸுக்குக் கிளம்பினார். இனி அவருக்கு இந்த ஊரில் வேலை இல்லை.

மறுநாள் காலை சரியாக ஆறு மணிக்கு முன்னறையில் காப்பி தயாராக இருந்தது. குடிக்க ஒருவரும் வரவில்லை. ரமணிக் அடுப்பை அணைக்காமல் அங்கேயே நின்றார். தக்ஷா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"பத்தொன்பது வருஷம் சரியாத்தான செஞ்சீங்க" என்றாள்.

"அதச் சொல்லி என்ன தக்ஷா? கட்டிலும் போர்வையும் எல்லா விடுதியிலயும் இருக்கு. நேத்து எப்படி இருந்தோமோ இன்னிக்கும் அப்படியே இருப்போம்னு நம்பித்தான் நம்மகிட்ட வராங்க. யாரு பாக்கறாங்கன்னு நான் கடிகாரத்த மாத்தாம விட்டது ஒரே ஒரு நாள். அவங்களுக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒரு நாள்தான்."