எலுமிச்சம்பழம் கட்டிய கிளைடர்

என் வீட்டுக்காரர் குழந்தைவேல் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது ஒரே ஒருமுறை கிளைடரில் பறந்தார். இன்ஜின் இல்லாத பயிற்சி விமானம். கம்பி வடத்தால் இழுத்து மேலே ஏற்றிவிட்டால் காற்றிலேயே மிதந்து இறங்கும். 1966இல் எங்கள் கல்யாணப் பந்தியில் இதைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஒருவரும் நம்பவில்லை. நானும்தான்.

என் அண்ணன் மயில்சாமிக்கு நாமக்கல்லில் இரண்டு லாரி ஓடியது. எந்த விசேஷத்திலும் என் வீட்டுக்காரரைக் கிண்டலடிக்காமல் விடமாட்டார்.

“இன்ஜின நிறுத்திப்போட்டு நானும் ஓட்டியிருக்கறேன் மாப்ள, ஏற்காட்டு எறக்கத்துல. வண்டி கீழதான் போச்சு.”

பன்னிரண்டு வருஷம் சிரித்துக்கொண்டே கேட்டவருக்கு ஒருநாள் சிரிப்பு வரவில்லை.

“ஆடிப் பதினெட்டுக்கு ஒண்ணு செஞ்சு பறக்க உட்டுக் காட்டறேன் மச்சான். பறக்கலீன்னா இனி அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்.”

என் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். பழைய நோட்டில் வரைந்திருந்த கிளைடரை எடுத்து, பத்தடிக்கு ஓரடி என்று அளவு குறித்தார். மூங்கில் சிம்பு, பட்டத்துத் தாள், மரவள்ளி மாவுப் பசை. இறக்கை மட்டும் ஐந்தடி. ஒரு மாதம் கட்டிலில் அது படுத்தது, நாங்கள் தரையில் படுத்தோம்.

ஆனால் கை லாரிக்குப் பழகிய கை. பாரம் தாங்குவது பின்பக்கம்தானே என்று வாலுக்குத் தேக்குச் சட்டம் கொடுத்து, மூலைக்கு மூலை தகரம் அடித்தார்.

ஆடிப் பதினெட்டன்று அண்ணன் லாரியில் சொந்தபந்தம் மொத்தமும் ஜேடர்பாளையம் அணைக்குப் போனோம். ஆற்றங்கரை மேட்டில் நின்று வீசினார். அது மூக்கைத் தூக்கியது, அந்தரத்தில் ஒரு கணம் யோசித்தது, வாலை ஊன்றி உட்கார்ந்தது. மறுபடி வீசினார். மறுபடியும் அப்படியே.

“நாய் குந்தறாப்பல குந்துது மாப்ள!” என்றார் அண்ணன்.

சனம் சிரித்தது. அவர் குனிந்து அதை எடுத்து, வாலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அண்ணன் லாரியின் முன்னால் காலையில் கட்டிய எலுமிச்சம்பழம், மிளகாய், கரிக்கட்டைச் சரத்தை அவிழ்த்துவந்து கிளைடரின் மூக்கில் கட்டினேன்.

“ஏம்புள்ள, இது லாரியா?”

“புது வண்டிதானுங்களே?”

சண்டை போடத் தெம்பில்லாமல் வீசினார்.

போனது. சத்தமே இல்லை. பழத்தை ஆட்டிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலே போய், தூரத்து மணலில் பூனை மாதிரி இறங்கியது.

“பழத்தோட சக்தியப் பாத்தீங்களா!” என்று அண்ணன் கும்பிட்டார்.

“எடைங்க மச்சான்! வாலு கனமாப் போச்சு. மூக்குல எடை பத்தல.”

யாரும் காதில் வாங்கவில்லை. அவர் பழத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, லாரி டூல்ஸ் பெட்டியிலிருந்து நாலு நட்டு எடுத்துக் கட்டி வீசினார். இன்னும் நன்றாகப் பறந்தது.

அண்ணன் அசரவில்லை. “பழத்தோட ராசி இன்னும் ஒட்டீட்டிருக்குதில்ல?”

திரும்பும் வழியில் லாரி பஞ்சர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாலையோரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

“நீங்க பறந்தது நெசந்தானுங்க.”

“பழம் சொல்லுச்சா?”

“இல்லீங்க. நட்டு.”

டயர் மாற்றி முடிக்கும்வரை, கல்லூரியில் பறந்தபோது மேலிருந்து ஆறு எப்படித் தெரிந்தது என்று சொன்னார். முதல் தடவையாகக் கேட்டேன்.

அவர் போய் இந்தத் தையோடு இரண்டு வருஷம். கிளைடர் நட்டோடு கூடத்தில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போது, அவர் மொபெட் வாங்கிய நாள் ஞாபகம் வருகிறது. ஏறிக் கிளப்பாமல் வாசலிலேயே நின்றார். என்னவென்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

“எடைக்குத்தான், புள்ள.”